மருந்தும் மயக்கும்

கோவளம் கார்மேல் அன்னை ஆலயத்தருகே, சென்ற ஞாயிறன்று மீனவத் தாய் ஒருவர் நம்மை நிறுத்தினார். படகிலிருந்து விழுந்து கை முறிந்த தம் மகனுக்கு, எலும்பைக் கூட்டிக் கட்டுமுன் மருத்துவர் ஊசி போட்டாராம். விழிக்கையில், "அம்மா, கோபுரம் கடலிலே மிதக்கிறது" என்று பையன் பிதற்றினானாம். பின்னர், அம்மருந்தின் பெயரே போதைப்பொருள் கடத்தல் செய்தியில் வந்திருக்கக் கண்டார். "ஐயா, என் பிள்ளைக்குப் போதையையா ஏற்றினார்கள்? எலும்பு சரியாகக் கூடவில்லை, மறுபடியும் மயக்கம் கொடுக்கவேண்டும் என்கிறார்கள். நான் அனுப்பமாட்டேன்" என்றார்.

அம்மருந்து கெட்டமின். 1962-இல் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக ஆக்கப்பட்டு, 1970-இல் அங்கே மருத்துவ அனுமதி பெற்றது. மயக்க மருந்துகள் பலவும் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் தாழ்த்தும். இதுவோ, உரிய அளவில் மூச்சைப் பெரும்பாலும் தளர்த்துவதில்லை. ஆகவே, கருவிகள் குறைந்த மருத்துவமனைகளுக்கும் போர்க்களங்களுக்கும் இது பெருந்துணை. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. நோவையும் உணர்வையும் மூளையில் கடத்தும் வாயில் ஒன்றை இது அடைக்கிறது. அதனால் உடல் வேறு, உள்ளம் வேறு என்றாற்போலத் தோன்றும். விழிக்கும் வேளையில் சிலருக்குக் காட்சிகள் எழும். சிறுவன் கண்ட கோபுரம் அத்தகையதே. மருந்தின் வேகம் தணிந்ததும் அது மறைந்துவிடும்.

இந்த மயக்கத்தையே விலைப்பொருளாக்கியோரும் உளர். 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில், சென்னை வழியாகத் தென்கிழக்கு ஆசியாவுக்குக் கடத்தப்பட்ட கெட்டமின் பலமுறை பிடிபட்டது. 2011-இல் நடுவண் அரசு இதனை, 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது. 500 கிராமுக்கு மேல் கடத்துவோருக்குக் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல். கேளிக்கைக்காக அடிக்கடி உட்கொள்வோருக்குச் சிறுநீர்ப்பை புண்பட்டு இரத்தம் கசியும், நினைவு மங்கும், விடமுடியாத அடிமைத்தனம் பற்றும். கடற்கரையிலோ ஆபத்து இன்னும் அருகில்: தன்னுணர்வு இழந்தவனை மூழ்கடிக்க முழங்காலளவு நீரே போதும்.

எனினும், வேறு மருந்துகளால் தீராத மனச்சோர்வுக்கு, இதன் உடன்பிறப்பான மருந்தொன்று 2019-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அதையும் மருத்துவ மேற்பார்வையிலேயே தருகின்றனர்.

அத்தாயிடம் நாம் சொன்னது இதுவே: "அம்மா, தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள். முன்பு பிதற்றியதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். அவன் விழிக்கும்போது, சந்தடியில்லாத இடத்தில் அருகே அமர்ந்து மெல்லப் பேசுங்கள்." மீன் அரியும் கத்தியை வீட்டில் வைத்திருக்கிறோம், தெருவில் ஓங்குபவனிடமிருந்து பிடுங்குகிறோம். பெற்றோர்களே, மருத்துவர் கையிலுள்ள ஊசிக்கு அஞ்சவேண்டாம். மாலை வேளையில் கரையோரம் உங்கள் மூத்த பிள்ளைகளிடம் யார் எதை நீட்டுகிறார்கள் என்பதை, அன்போடு கேட்டறியுங்கள்.