மாவு பொங்கினால் மட்டும் போதுமா?

மதுரை தூங்காத நகரம். நடு இரவிலும் இங்கே சூடான இட்லி கிடைக்கும்.

அந்த நேரத்தில் விழித்திருப்பவர்கள் கடைக்காரர்கள் மட்டும் அல்ல. வீட்டுக்கு வீடு, மாவுப் பானைக்குள் கோடிக்கணக்கான கிருமிகளும் விழித்திருந்து வேலை செய்கின்றன!

கிருமி என்றதும் முகம் சுளிக்காதீர்கள். நோய் தரும் கிருமி உண்டு. நன்மை செய்யும் கிருமியும் உண்டு. இவை நன்மை செய்பவை.

சர்க்கரை புளிப்பாகிறது

இந்தக் கிருமிகளை நாம் மாவில் போடுவது இல்லை. உளுந்தோடும் அரிசியோடும் அவையே ஒட்டிக்கொண்டு வருகின்றன.

ஊறிய அரிசியிலும் உளுந்திலும் சிறிது சர்க்கரை இருக்கிறது. அதுதான் கிருமிகளுக்கு உணவு. சர்க்கரையை உடைத்து, அதில் இருந்து அவை உயிர் வாழச் சக்தி பெறுகின்றன. மிஞ்சுவதை வெளியே தள்ளுகின்றன. அப்படித் தள்ளுவதுதான் புளிப்பு அமிலம்!

பால் புளிப்பதற்குக் காரணம் உயிருள்ள கிருமியே என்று 1857-ம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் எடுத்துச் சொன்னார்.

தயிரும் புளிக்கிறது, மாவும் புளிக்கிறது. ஆனால் மாவு பொங்குகிறது, தயிர் பொங்குவது இல்லை. என்ன காரணம்?

தயிர்க் கிருமி, சர்க்கரையைப் பெரும்பாலும் புளிப்பு அமிலமாகவே மாற்றிவிடுகிறது. மாவுக் கிருமியோ ஒரு பங்கைப் புளிப்பாகவும், ஒரு பங்கைக் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. அந்த வாயுதான் மாவைத் தூக்குகிறது. இந்த வேலையைச் செய்வது லூக்கனாஸ்டாக் என்ற கிருமி என்பதை 1965-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி விளக்கியது.

சோடா செய்வது என்ன?

இன்று தெருவுக்குத் தெரு மாவுப் பொட்டலம் விற்கிறார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது பெரிய உதவி. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் மாவு புளிக்கும்வரை காத்திருக்காமல், ஆப்ப சோடாவைக் கலந்து பொங்கவைக்கும் பழக்கம் இருக்கிறதே, அது சரி அல்ல. சில வீடுகளிலும் இது நடக்கிறது.

சோடாவும் வாயுவைத் தரும். இட்லி பூப்போல இருக்கும். ஆனால் அது புளிப்பைத் தராது. இருக்கிற புளிப்பையும் முறித்துவிடும்!

புளிப்பு வெறும் ருசி அல்ல. அது மாவுக்குக் காவல்காரன். கெட்ட கிருமிகள் பல, புளிப்பில் வளர முடியாது.

இன்னொன்றும் உண்டு. உளுந்தில் இருக்கும் சிலவகைச் சர்க்கரைகள் நம் வயிற்றில் வாயுவை உண்டாக்கும். மாவு புளிக்கும்போது அவற்றில் ஒரு பகுதியைக் கிருமிகளே தின்று தீர்த்துவிடுகின்றன. இட்லி லேசாகச் செரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சோடா இந்த வேலையைச் செய்யாது. அதோடு, தானியத்தில் உள்ள பி-1 வைட்டமினையும் சோடா கெடுக்கும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு உப்பைப் போல இதுவும் ஆகாது.

காய்ச்சல்காரருக்கும் கைக்குழந்தைக்கும் இட்லியை நம்பித்தானே கொடுக்கிறோம்? அந்த நம்பிக்கையைக் கெடுக்கலாமா?

பொறுமை வேண்டும்

சித்திரை வெயிலில் மாலையில் அரைத்த மாவு, விடிவதற்குள் நன்றாகப் புளித்துவிடும். மார்கழிக் குளிரில் அதே மாவு, விடிந்தும் அசையாமல் கிடக்கும். சூட்டில் கிருமிகள் விரைவாக வேலை செய்யும்; குளிரில் சோம்பிக் கிடக்கும். ஆகவே மார்கழியில் முன்னதாகவே அரைத்து, பானையை வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். சித்திரையில் மாவு பொங்கியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். சோடா தேவையே இல்லை.

மாவு விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு பொட்டலத்திலும் அரைத்த நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். சோடா கலந்திருந்தால் அதையும் எழுதுங்கள். காசு கொடுப்பவருக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு.

தாய்மார்களே! அடுத்த முறை மாவு வாங்கும்போது, "பொங்கியிருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எப்போது அரைத்தது?" என்றும் கேளுங்கள்.