காருக்கும் வாய் உண்டு! அது சொல்லும் எண்ணை யாரும் படிக்கலாம்

கைக்குழந்தைக்குப் பேச வராது. அழத்தான் வரும். பசித்தாலும் அழும். எறும்பு கடித்தாலும் அழும். காய்ச்சல் வந்தாலும் அழும்.

மோட்டார் காரும் அப்படித்தான். அதற்கும் நோவு வரும். வந்தால் அது சொல்லும். வாயால் அல்ல, விளக்கால்!

கார் ஓட்டுகிறவரின் கண் எதிரே, வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில், மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு விளக்கு இருக்கிறது. "செக் என்ஜின்" என்று அதற்குப் பெயர். "என்ஜினைக் கவனி" என்பது அதன் பொருள். அது எரிந்தால் என்ஜினிலோ, அதைச் சேர்ந்த கருவிகளிலோ ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

என்ன கோளாறு? அதையும் காரே ஓர் எண்ணாகச் சொல்கிறது. அந்த எண்ணைப் படிக்க மெக்கானிக்காக இருக்க வேண்டியது இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தெரிந்தால் போதும்.

அப்படி இருந்தும், விளக்கு எரிந்தால் பயந்து போய், கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. "எரிந்தால் எரியட்டும்" என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் உண்டு. இரண்டுமே தவறு.

கைநாட்டு

எழுதப் படிக்கத் தெரியாதவர் கடன் வாங்கப் போனால் என்ன நடக்கும்? வட்டிக்காரர் எழுதியதுதான் கணக்கு. அவர் காட்டிய இடத்தில் கட்டைவிரலை அழுத்த வேண்டும்.

சொந்தக் காரின் எண்ணைப் படிக்கத் தெரியாதவர் நிலையும் அதுதான். "இந்தப் பாகம் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றால் தலையை ஆட்ட வேண்டும். அதுவும் ஒரு கைநாட்டுதான்!

இதனால் அதிகம் பாதிக்கப்படுவது பணக்காரர் அல்ல. அவரிடம் புதுக் கார் இருக்கும். பாதிக்கப்படுவது பழைய கார் வைத்திருக்கும் குடும்பம்.

அமெரிக்காவை எடுத்துக் கொள்வோம். அங்கே பல ஊர்களில் பஸ் வசதி குறைவு. கார் நின்றால் வேலைக்குப் போக முடியாது. பிள்ளைகளை அழைத்து வர முடியாது. ஆகவே, கையில் பணம் குறைந்தவர்கள் பழைய கார் வாங்குகிறார்கள். ஜப்பான், ஜெர்மனி, சுவீடன் ஆகிய நாடுகளில் இருந்து இறக்குமதியாகி, 30 ஆண்டுகளுக்கு மேலாக ஓடும் கார்களும் அவற்றில் உண்டு.

கலிபோர்னியா மாநிலத்தில் பெரும்பாலான பெட்ரோல் கார்களை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புகைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். "செக் என்ஜின்" விளக்கு எரிந்துகொண்டு இருந்தால் தேர்ச்சி கிடையாது. ஒரு சிறு விளக்கு, ஒரு குடும்பத்தின் பிழைப்பையே நிறுத்திவிடலாம்!

புகையால் வந்த வினை

இந்த விளக்கு வந்த கதை சுவையானது.

கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இருக்கிறது. 1940-ம் ஆண்டுகளில் அந்த நகரை ஒருவகைப் புகைமூட்டம் பிடித்துக் கொண்டது. கண் எரிந்தது. மூச்சு முட்டியது. எங்கிருந்து வருகிறது இந்தப் புகை என்று தெரியாமல் மக்கள் திகைத்தார்கள்.

ஹாகன் ஸ்மிட் என்ற பேராசிரியர் 1950-ம் ஆண்டையொட்டி விடையைக் கண்டுபிடித்தார். காரில் இருந்து வரும் புகை போன்றவற்றின் மீது வெயில் படும்போதுதான் அந்த மூட்டம் உண்டாகிறது என்று காட்டினார்.

அதன் பிறகு சட்டங்கள் வந்தன. புகையைச் சுத்தப்படுத்தும் கருவியைக் காரில் வைத்தார்கள். ஆனால் அந்தக் கருவி நன்றாக வேலை செய்ய வேண்டும் என்றால், என்ஜினுக்குள் போகும் காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் இருக்க வேண்டும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு சுமார் 14.7 கிலோ காற்று! இந்த அளவை நொடிக்கு நொடி பார்த்துச் சரி செய்ய, காருக்குள் ஒரு சிறு கம்ப்யூட்டர் வந்தது.

கம்ப்யூட்டருக்குக் கண் வேண்டும், காது வேண்டும். அவைதான் சென்சார் என்னும் கருவிகள். தண்ணீர் எவ்வளவு சூடு, காற்று எவ்வளவு, புகையில் பிராணவாயு எவ்வளவு என்று அவை சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு சென்சார் தவறாகச் சொன்னால் கம்ப்யூட்டர் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். விளக்கை எரிய விடும்.

இதைக் கட்டாயம் ஆக்கியது கலிபோர்னியா. 1985-ம் ஆண்டு விதி செய்தார்கள். 1988-ம் ஆண்டு மாடல் கார்களில் இருந்து அது அமலுக்கு வந்தது.

ஒவ்வொன்றும் ஒரு பாஷை

ஆனால் ஒரு குறை. எண்ணை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அந்த விதியில் பொது முறை இல்லை. ஆகவே ஒவ்வொரு கம்பெனிக் காரும் தனித்தனி பாஷை பேசியது.

டொயோட்டா: 1990-ம் ஆண்டையொட்டி வந்த பல டொயோட்டா கார்களில், என்ஜின் பக்கத்தில் ஒரு சிறு டப்பா இருக்கும். மூடியைத் திறந்தால் துளைகள். அவற்றில் "டி.இ.1", "இ.1" என்ற இரண்டையும் ஒரு கம்பித் துண்டால் இணைக்க வேண்டும். என்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் திருப்பினால் "செக் என்ஜின்" விளக்கு மின்னும். இரண்டு முறை மின்னி, சற்று நின்று, மறுபடி இரண்டு முறை மின்னினால் 22. நிற்காமல் ஒரே சீராக மின்னிக்கொண்டு இருந்தால் கோளாறு எதுவும் பதிவாகவில்லை.

ஹோண்டா: 1988-ம் ஆண்டு முதல் 1991-ம் ஆண்டு வரை வந்த சிவிக் கார்களில் கம்ப்யூட்டர் பெட்டி, முன் சீட்டில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்தில், விரிப்புக்கு அடியில் ஒளிந்து இருக்கும். அந்தப் பெட்டியிலேயே ஒரு குட்டி விளக்கு. நீளமாக மின்னினால் பத்து, குறுகலாக மின்னினால் ஒன்று. ஒரு நீளம், நாலு குறுகல் என்றால் 14.

வால்வோ: அந்தக் காலத்து வால்வோ 240, 740, 940 கார்கள் பலவற்றில் என்ஜின் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. ஒரு வயர், எண் போட்ட துளைகள், ஒரு பொத்தான், ஒரு விளக்கு. வயரை 2-ம் எண் துளையில் செருகிப் பொத்தானை அழுத்தினால் மூன்று இலக்க எண் வரும். 111 வந்தால் குறை எதுவும் பதிவாகவில்லை.

பி.எம்.டபிள்யூ: அமெரிக்காவில் விற்ற சில கார்களில் இன்னும் வேடிக்கை! சாவியைத் திருப்பி, ஆக்சிலேட்டரை ஐந்து முறை முழுவதும் மிதித்தால் விளக்கு பேசத் தொடங்கும்.

பாஷை வேறு வேறுதான். ஆனாலும் ஒரு நன்மை இருந்தது. இவற்றைப் படிக்க விலை உயர்ந்த கருவி தேவை இல்லை. கண்ணும், காகிதமும், பென்சிலும் போதும்.

எண் தீர்ப்பு அல்ல!

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எண் தெரிந்ததும் எல்லாம் தெரிந்ததாக நினைத்து, புதுப் பாகம் வாங்க ஓடுகிறார்கள்.

டொயோட்டாவின் 22 என்ற எண்ணைப் பாருங்கள். தண்ணீர்ச் சூட்டைச் சொல்லும் சென்சாரில் இருந்து சரியான சேதி வரவில்லை என்பதே அதன் பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்று பொருள் அல்ல! வயர் அறுந்து இருக்கலாம். வயரின் முனையில் பச்சைக் களிம்பு ஏறி இருக்கலாம். களிம்பைச் சுரண்டித் துடைத்தாலே சில சமயம் எண் போய்விடும்.

சந்தேகம் இருந்தால் மின்தடை காட்டும் சாதாரண மீட்டரை வைத்துச் சோதிக்கலாம். அந்தக் காலத்து டொயோட்டா கார்கள் பலவற்றில், 20 டிகிரி சூட்டில் அந்தச் சென்சார் 2,000 முதல் 3,000 ஓம் வரை காட்ட வேண்டும். 80 டிகிரியில் 200 முதல் 400 ஓம். அப்படிக் காட்டினால் சென்சார் நிரபராதி!

25 என்ற எண்ணும் அப்படியே. பெட்ரோல் குறைவாகவும், காற்று அதிகமாகவும் போகிறது என்று அது சொல்லும். காரணம் பெட்ரோல் பம்பாக இருக்கலாம். அடைத்துக்கொண்ட வடிகட்டியாக இருக்கலாம். என்ஜின் சூட்டில் 30 ஆண்டு வெந்து வெடித்துப்போன ஒரு சாண் ரப்பர் குழாயாகவும் இருக்கலாம். பம்பு விலை எங்கே, குழாய் விலை எங்கே!

குழந்தை அழுதால் தாய் உடனே மருந்து ஊற்றுவது இல்லை. நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். துணியை உதறிப் பார்க்கிறாள். காரின் எண்ணும் ஓர் அழுகைதான். எங்கே பார்க்க வேண்டும் என்று அது சொல்லும். பார்ப்பது மனிதன் வேலை.

இன்னொன்றும் உண்டு. பதிவான எண் பழைய கதையாகவும் இருக்கலாம். முதலில் எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அழிக்க வேண்டும். டொயோட்டாவில் அதற்கு உரிய பியூசைச் சிறிது நேரம் எடுத்தால் எண் அழியும். பிறகு ஓட்டிப் பார்த்தால், கோளாறு இருந்தால் அதே எண் திரும்பி வரும்.

வாங்குமுன் கவனி!

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். என்ஜினை ஓட விடுமுன் சாவியைத் திருப்பி விளக்கைப் பார்க்க வேண்டும். அப்போது விளக்கு எரிய வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும்.

முதலிலேயே எரியவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். பல்பு கெட்டு இருக்கலாம். விற்கிறவர் பல்பைக் கழற்றியும் இருக்கலாம்! அழுகிற குழந்தையின் வாயைப் பொத்திவிட்டு, "குழந்தை நன்றாக இருக்கிறது" என்று சொல்வதற்குச் சமம் இது.

அரைகுறை அறிவு ஆபத்தா?

"ஆளாளுக்குக் கம்பியை எடுத்துக் குத்தினால் கார் என்ன ஆகும்?" என்று மெக்கானிக்குகள் கேட்கலாம்.

கேள்வி நியாயமானது. தவறான துளைகளை இணைத்தால் கம்ப்யூட்டரே கெட்டுவிடும். ஏர்பேக் என்னும் காற்றுப் பையின் வயர்களைத் தொடவே கூடாது. பெரும்பாலும் அவை மஞ்சள் நிறமாக இருக்கும். அந்தந்தக் காருக்கு உரிய பழுது பார்க்கும் புத்தகத்தைப் படிக்காமல் எதிலும் கை வைக்கக் கூடாது.

ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். அரைகுறை அறிவுக்கு மருந்து என்ன? அறியாமையா? இல்லை. முழு அறிவுதான்! எண்ணைப் படித்துவிட்டு வருகிற வாடிக்கையாளரைக் கண்டு நேர்மையான மெக்கானிக் பயப்பட மாட்டார். "22 வருகிறது, வயரைப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் அவர் மகிழ்ச்சி அடைவார். பயப்படுகிறவர் வேறு வகை.

ஒரே பாஷை வந்தது

1996-ம் ஆண்டு மாடலில் இருந்து, அமெரிக்காவில் விற்கும் புதுக் கார்கள் எல்லாம் ஒரே பாஷை பேச வேண்டும் என்று சட்டம் வந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுகிறவர் கைக்கு எட்டும் இடத்தில், 16 முனை கொண்ட இணைப்பு இருக்கும். சிறு கருவியைச் செருகினால் எண் எழுத்திலேயே தெரியும். "பி 0171" என்றால் டொயோட்டாவிலும் வால்வோவிலும் ஒரே பொருள்: பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்.

இந்தியாவிலும் 2010-ம் ஆண்டில் இருந்து புதுக் கார்களுக்குக் கோளாறு காட்டும் ஏற்பாடு படிப்படியாகக் கட்டாயம் ஆனது.

கம்பெனிகள் தாமாக மனம் இரங்கி இந்தப் பொதுப் பாஷையைக் கொடுக்கவில்லை. சட்டம் போட்டுத்தான் வாங்க வேண்டி இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பழுது பார்க்கும் தகவலை எல்லோருக்கும் தர வேண்டும் என்று மக்கள் 2012-ம் ஆண்டு ஓட்டுப் போட்டார்கள். கார்கள் கம்பியில்லா முறையில் கம்பெனிக்குச் சேதி அனுப்பத் தொடங்கியதும், அந்தச் சேதியும் வேண்டும் என்று 2020-ம் ஆண்டு மறுபடி ஓட்டுப் போட்டார்கள்.

அவர்கள் கேட்டது நியாயம். காசு கொடுத்து வாங்கியவர் ஒருவர். கார் தன் நோயைச் சொல்வது இன்னொருவரிடமா?

காருடன் தரும் புத்தகத்தில், டயரில் எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்று எழுதி இருக்கிறது. கோளாறு எண்களின் பொருளையும் அதிலேயே அச்சிட வேண்டும். இரண்டு பக்கம் கூடினால் கம்பெனி நொடித்துப் போகாது. "டீலரிடம் கொண்டு போகவும்" என்ற ஒரு வரி போதாது.

அச்சிடும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. வீட்டில் பழைய கார் இருந்தால், அது எந்த ஆண்டு மாடல், எந்தப் பாஷை பேசுகிறது என்று இன்றே தெரிந்து கொள்ளலாம். விளக்கு எரியும் நாளில் காகிதமும் பென்சிலும் கையில் இருந்தால், கட்டைவிரலை நீட்ட வேண்டிய அவசியம் வராது!