விழுந்த வண்டிக்கு யார் பணம் தருவது?

லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கும்போது பால்காரர் ஒருவரின் நூறு சிசி வண்டி சாலையோரம் சரிந்தால் போதும். முன் ஃபோர்க் வளைந்துவிடும், ஹெட்லைட் டூம் உடையும். மெக்கானிக் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, ஹேண்டிலைத் திருப்பிப் பார்க்கும்போதே பால்காரரின் முகம் வாடிவிடுகிறது. “இன்சூரன்ஸ் இருக்கே” என்கிறார். இருப்பது மூன்றாம் நபர் காப்பீடு. அடுத்தவருக்கு நேர்ந்த பாதிப்புக்குத்தான் அது. சொந்த வண்டிக்கு ஒரு ரூபாயும் வராது. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனத்துக்கு இதை 5 ஆண்டுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். அவ்வளவு பணம் கட்டியவர், தன் வண்டிக்கும் சேர்த்துத்தான் கட்டினோம் என்று நம்புவதில் என்ன தவறு? சொந்தச் சேதத்துக்கும் காப்பீடு எடுத்தவர்கூடத் தப்புவதில்லை. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழித்துவிடுவார்கள். சின்ன வண்டி விழுந்தால் முதலில் உடைவதே பிளாஸ்டிக்தான்! வண்டி பட்டறையில் நிற்கும் நாளெல்லாம் பால் ஊற்றும் வருமானமும் நிற்கிறது. அதைச் சாதாரண பாலிசி கணக்கில் எடுப்பதில்லை. எதற்குப் பணம் வரும், எதற்கு வராது என்று தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, ஷோரூமில் சாவியோடு சேர்த்துக் கொடுப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.