அமானிதத்தின் மறுபக்கம்

துரோகம் என்னும் சொல்லை நாம் மிக விரைவில் உச்சரித்துவிடுகிறோம். ஒருவர் வாக்கு மீறினார் என்று கேள்விப்பட்ட மாத்திரத்திலேயே தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. அத்தீர்ப்பைச் சற்றே நிறுத்தி வைக்கச் செய்யும் ஒரு தொலைக்காட்சிக் கதையை அண்மையில் மீண்டும் காண நேர்ந்தது.

1987 முதல் 1994 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்னும் விஞ்ஞானத் தொடரின் கடைசிக்கு முந்தைய கதை அது. பெயர் 'ப்ரீஎம்ப்டிவ் ஸ்ட்ரைக்'. விண்கலத் தலைவர் பிக்கார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட்டே அதனை இயக்கினார்.

பிக்கார்ட் சார்ந்த கூட்டமைப்பு, கார்டேசியர் என்னும் இனத்தாருடன் சமாதான உடன்படிக்கை செய்துகொள்கிறது. எல்லைக்கோடு மாறுகிறது. வீடு வாசலைக் கைவிட மறுத்த குடியேறிகள் கார்டேசியர் ஆட்சிக்குள் அகப்பட்டு ஆயுதம் ஏந்துகின்றனர். அவர்களுக்கு 'மாக்கி' என்று பெயர். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளை எதிர்த்த பிரெஞ்சுப் போராளிகளின் பெயரே அது. அவர்களிடையே ஒற்றராக நுழைந்து, அவர்களைப் பொறியில் சிக்க வைக்கும் பணி ரோ லாரன் என்னும் பெண் அதிகாரியிடம் ஒப்படைக்கப்படுகிறது.

ரோ, சிறு வயதிலேயே தன் தந்தை கார்டேசியரால் சித்திரவதை செய்யப்பட்டு மாண்டதைக் கண்ணெதிரே கண்டவள். பின்னாளில் ஆணையை மீறியதால் தோழர் எண்மர் உயிரிழக்கக் காரணமாகிச் சிறை சென்றவள். அவளை நம்பி மீண்டும் பணியில் சேர்த்துக்கொண்டவர் பிக்கார்ட். அந்த நம்பிக்கைக்காகவே இப்பணியை ஏற்கிறாள்.

மாக்கியினரிடையே மசியாஸ் என்னும் முதியவர் அவளுக்குத் தந்தையை நினைவூட்டுகிறார். அவரும் கார்டேசியர் தாக்குதலில் மடிகிறார். இறுதியில் ரோ, மறைந்திருந்த கூட்டமைப்புக் கலங்களைக் காட்டிக் கொடுத்து, மாக்கியினரைத் தப்பச் செய்து, அவர்களுடனேயே சென்றுவிடுகிறாள். செய்தி கேட்ட பிக்கார்ட் ஒரு சொல்லும் பேசாது அமர்ந்திருக்கும் முகத்துடன் கதை முடிகிறது. முதன்முறை காண்போர் நெஞ்சில் தங்குவது அம்முகமே.

மறுமுறை காண்கையிலோ, அதற்கு முந்தைய காட்சியே நெஞ்சை உறுத்துகிறது. தன் மனம் தடுமாறுவதை ரோ பிக்கார்டிடம் ஒப்புக்கொள்கிறாள். அவர் தரும் விடை, பணியைக் குலைத்தால் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துவேன் என்னும் எச்சரிக்கை! அவளைக் கண்காணிக்க ரைக்கர் என்னும் அதிகாரியும் உடன் அனுப்பப்படுகிறார். அவளது காயத்தை அறிந்தவரே அதன்மீது சுமையை ஏற்றுகிறார்.

இதனால் ரோ குற்றமற்றவள் ஆகிவிடமாட்டாள். ஏற்ற பொறுப்பை அவள் மீறியது உண்மையே. ஆயினும் அதை அவள் மறைவில் செய்யவில்லை. ரைக்கரின் கண்ணெதிரே செய்தாள். பிக்கார்டிடம் தன் வருத்தத்தைத் தெரிவிக்கவும் சொன்னாள்.

2023-ல் வெளிவந்த 'ஸ்டார் ட்ரெக்: பிக்கார்ட்' தொடரின் மூன்றாம் பருவத்தில் இருவரும் மீண்டும் சந்திக்கின்றனர். தண்டனையை அனுபவித்துவிட்டுப் பணிக்குத் திரும்பியிருக்கிறாள் ரோ. நீ என்னை வஞ்சித்தாய் என்கிறார் அவர். உமது அன்பு நிபந்தனைக்கு உட்பட்டதாக இருந்தது என்கிறாள் அவள். இரண்டும் மெய்யே! அதை இருவரும் உணர்ந்த சிறிது நேரத்திலேயே, பிறரைக் காக்கும் முயற்சியில் அவள் உயிர் துறக்கிறாள்.

பெற்றோர் பிள்ளைகளிடமும், ஆசிரியர் மாணவரிடமும் பொறுப்புகளை ஒப்படைக்கின்றனர். பெற்றவர் அதனைக் காக்க வேண்டும் என்பதை நாம் ஓயாது வலியுறுத்துகிறோம். தடுமாறுகிறேன் என்று வந்து நிற்பவரின் சொல்லுக்குச் செவி சாய்ப்பது, ஒப்படைத்தவர் காக்க வேண்டிய அமானிதம் அல்லவா? சிந்திப்போமாக!