கூடில்லாத பறவைகள்

கதை எழுதியவரை விட்டுவிட்டு, அதை வெளியிட்ட பத்திரிகையின் ஆசிரியையைத் தண்டித்த விநோதத்தைக் கேள்விப்பட்டதுண்டா, நேயர்களே? தென் அமெரிக்காவில், பெரு நாட்டில், 1890-ல் நடந்தது இது.

அந்த அம்மையாரின் பெயர் க்ளோரிண்டா மாத்தோ தெ டர்னர். 1852-ல், பழைய இன்கா மன்னர்களின் தலைநகரான குஸ்கோவில் பிறந்தவர். பண்ணையில் வளர்ந்த நாட்களில் அங்குள்ள பூர்வகுடிகளின் கெச்சுவா பாஷையை அவர்கள் மாதிரியே பேசக் கற்றுக்கொண்டார். ஓர் ஆங்கிலேயரை மணந்தார். 1881-ல் கணவர் காலமானபோது விட்டுச் சென்ற சொத்து, கடன்தான்! இவரோ பேனாவை எடுத்தார். அரெகிபா நகரில் ஒரு தினசரிக்கு ஆசிரியை. 1889-ல் தலைநகர் லிமாவில் ஒரு படப் பத்திரிகைக்கு ஆசிரியை.

அதே வருஷம் அவருடைய 'கூடில்லாத பறவைகள்' நாவல் வெளிவந்தது. மலையோரத்தில் ஒரு கிராமம். பாதிரியாரும் அதிகாரிகளும் சேர்ந்து ஏழைகளைக் கசக்கிப் பிழிகிறார்கள். கம்பளிக்கு என்று முன்பணத்தைப் பலவந்தமாகத் திணிப்பது, பிறகு ஒன்றுக்குப் பலவாக வசூலிப்பது. கொடுக்க முடியாத வீட்டில் பெண் குழந்தையையே ஜப்தி செய்துகொண்டு போகிறார்கள்! இதற்கிடையே மானுவல் என்ற வாலிபனும் மார்கரீட்டா என்ற பெண்ணும் காதலிக்கிறார்கள். கல்யாணம் பேசும் சமயத்தில்தான் தெரிகிறது, இருவருக்கும் தகப்பன் ஒரே பாதிரியார் என்று. முடிவு கொஞ்சம் நாடகத்தனம்தான். ஆனால் அந்தக் கம்பளிக் கணக்கு கற்பனையல்ல.

மறு வருஷம், ஏசுநாதரையும் மக்தலேனாவையும் பற்றி ஒரு பிரேஸில் எழுத்தாளர் எழுதிய கதை அவர் பத்திரிகையில் வந்துவிட்டது. தாம் நோயில் படுத்திருந்தபோது தம் அனுமதியின்றி அச்சேறியது என்றார் அம்மையார். யார் கேட்டார்கள்? சபையிலிருந்து விலக்கினார்கள், நாவலுக்கும் தடை, பிறந்த ஊரிலேயே கொடும்பாவி கொளுத்தினார்கள்.

அவர் ஓயவில்லை. சொந்தத்தில் அச்சகம் வைத்தார். அச்சுக் கோக்கும் வேலைக்குப் பெண்களை அமர்த்தினார். 1895-ல் உள்நாட்டுப் போரில், அவர் ஆதரித்த கட்சி தோற்றது. எதிர்க்கட்சியார் லிமாவில் புகுந்தபோது அச்சகம் தவிடுபொடியாயிற்று. நாட்டை விட்டு வெளியேறி, ஆர்ஜெண்டினாவில் போனஸ் அயர்ஸ் நகரை அடைந்தார். அங்கும் ஒரு பத்திரிகை! பள்ளிக்கூடத்தில் பாடமும் சொல்லிக் கொடுத்தார். சபையிலிருந்து விலக்கப்பட்ட அதே அம்மையார் அங்கே என்ன மொழிபெயர்த்தார் தெரியுமா? பைபிளின் சுவிசேஷங்களை, கெச்சுவா மொழியில்.

1909-ல் அந்த நகரிலேயே காலமானார். 1924-ல்தான் அவருடைய அஸ்தி பெருவுக்குத் திரும்பியது.