வாசலில் ஒரு பழைய கார்

உங்கள் வீட்டுக்காரரும் அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேரும் கூட்டுச் சேர்ந்து, ஒரு பழைய பியட் காரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தியிருக்கிறார்களா? "சனி, ஞாயிறு இரண்டே நாள், வண்டியை ஓட்டிக் காட்டுகிறோம் பார்!" என்கிறார்களா? முகத்தைச் சுளிக்காதீர்கள், அம்மணி. விடிய விடியச் சீட்டாடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இதில் உங்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது.

அதற்கு முன் வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. இந்தக் குடும்பத்து வண்டிக்குத்தான் 1974-ல் 'பத்மினி' என்று பெயர் வைத்தார்கள். நடிகையின் பெயர் அல்ல. சித்தூர் ராணியின் பெயர்! மும்பையில் டாக்சியாக உழைத்து உழைத்து, 2023 அக்டோபரில்தான் அது விடை பெற்றது. நாலு சிலிண்டர், 1089 சி.சி. எஞ்சின். உள்ளே கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. அதனால்தான் ஸ்பானரும் பொறுமையும் உள்ளவர்கள் வீட்டிலேயே கழற்றிப் பார்க்க முடிகிறது.

நீங்களும் கிட்டே போய்ப் பாருங்கள். ஸ்பார்க் பிளக்கின் முனை கன்னங்கரேலென்று புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. இளம் பழுப்பாக இருந்தால் சரி. தோசையின் நிறத்தைக் கொண்டு கல்லின் சூட்டைச் சொல்லும் உங்களுக்கு இது ஒரு பிரமாதமா? கழற்றிய திருகுகளைக் கண்ட இடத்தில் போடுவார்கள். பழைய ரவிக்கையைப் பிரித்து அளவெடுக்கும்போது எது எந்தத் துண்டு என்று குறித்து வைப்பீர்களே, அதே மாதிரி டப்பா டப்பாவாகச் சீட்டு ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் பொறுப்புக்கு வருகிறேன். வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருவரும் படுக்கக் கூடாது! ஜாக்கி, டயர் மாற்றச் சிறிது நேரம் வண்டியைத் தூக்குவதற்கு ஏற்பட்டது. அது சறுக்கலாம், தானாக இறங்கலாம். மேலே இருப்பதோ ஏறக்குறைய 900 கிலோ. செங்கல்லை அடுக்குகிறோம் என்பார்கள். செங்கல் சொல்லாமல் நொறுங்கும். சமமான கெட்டித் தரையில், தரையிலுள்ள சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை இறக்கி வைத்த பிறகே ஒருவர் அடியில் போகலாம். ஸ்டாண்டு இல்லையா? அன்றைக்குக் கீழே வேலையும் இல்லை. "அஞ்சே நிமிஷம்" என்று கெஞ்சினாலும் இளகாதீர்கள்.

இன்னும் மூன்று விஷயங்கள். ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிடக் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலியில் தொடங்கி உயிரையே குடித்துவிடும். பெட்ரோல் குழாயைக் கழற்றும் இடத்தில் சிகரெட்டும் கூடாது, கொசுவத்திச் சுருளும் கூடாது. பெட்ரோல் பற்றிக்கொண்டால் தண்ணீரைக் கொட்டாதீர்கள். அது தண்ணீர்மேல் மிதந்து பரவும். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பது, ஆவி அடங்காத குக்கரைத் திறப்பது போலத்தான். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

ஞாயிறு மாலைக்குள் வண்டி கிளம்பாவிட்டால் குடி முழுகிப் போகாது. அடுத்த சனிக்கிழமை வராமலா போகும்? அவசரத்தில் முடுக்கிய திருகுதான் பிறகு நடுரோட்டில் கழலும். கிளம்பிவிட்டாலோ, பிரேக்கை மட்டும் கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் பார்த்து 'சரி' என்று சொல்லட்டும். அப்புறம் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கு ஒரு நடை போய் வாருங்கள். முன் சீட்டு யாருக்கு என்று நான் சொல்ல வேண்டுமா, என்ன?