வலைத்தளத்திற்கும் பொருளடக்கம் வேண்டும்

பொருளடக்கம் இல்லா நூல் அரைநூலே. நூல் எழுதுவார்க்கு விளங்கிய இவ்வுண்மை, இணையத்தில் தளம் அமைக்கும் தமிழன்பர் பலர்க்கு இன்னும் விளங்கவில்லை. அரிதின் முயன்று கட்டுரைகளை ஏற்றுகின்றனர். அவை தேடுவார் கண்ணிற் படவில்லையே என்று பின்னர் வருந்துகின்றனர்.

தேடுபொறி, ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பற்றிக்கொண்டே அடுத்த பக்கத்திற்குச் செல்வது. இணைப்பில்லாத பக்கம் வழியில்லா ஊர். இக்குறை நீங்கவே கூகுள் 2005-இல் தளவரைபட முறையைக் கொணர்ந்தது. 2006-இல் யாகூவும் மைக்ரோசாப்டும் அதனை ஏற்றன. எக்சுஎம்எல் கோப்பொன்றில் பக்கங்களின் முகவரிகளையும், அவை இறுதியாகத் திருத்தப்பெற்ற நாளையும் எழுதித் தளத்தில் வைத்தல் வேண்டும். ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை அடங்கும்; மிகின், பல கோப்புகளாகப் பகுத்து அவற்றிற்கொரு தலைக்கோப்பு அமைக்கலாம். ரோபாட்சு கோப்பில் ஒரு வரியால் அதன் இருப்பிடத்தை அறிவித்துவிடின் தேடுபொறிகள் தாமே வந்து படிக்கும்.

இங்கொரு தடை கூறுவாருளர். முகவரியைத் தமிழில் எழுதினால் கோப்பில் அஃது உருமாறி நீள்கிறதாம்! ஆம், நீள்கிறது. 'தமிழ்' என்னும் சொல், இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி எண்ணப்பெற, ஒருங்குறியில் ஐந்து கூறாகும். ஒவ்வொரு கூறும் ஒன்பது உருக்களாய் எழுதப்படுதலின் 45 உருக்களாகும். அதனாலென்ன? எழுதுவதும் பொறி, படிப்பதும் பொறி. ஒரு முகவரி 2,048 உருக்களுக்குட்பட வேண்டுமென்பதே வரம்பு. 200 தமிழ்க்கூறுகள் எழுதினும் 1,800 உருக்களே! இதற்கஞ்சித் தமிழ்க் கட்டுரைக்கு ஆங்கில எழுத்தில் முகவரி வைப்பது, வீட்டினுள் தமிழ் பேசி வாயிலில் அயன்மொழிப் பலகை மாட்டுவது போன்றதே.

மற்றொன்று வாய்மை. திருத்தாத பக்கத்திற்கு நாள்தோறும் புதுநாள் இடுவாருளர். பொய்யெனக் கண்டால் கூகுள் அந்நாட்குறிப்பையே பொருட்படுத்தாது. பக்கத்தின் முதன்மையையும் மாறும் விரைவையும் குறிக்கும் உறுப்புகளையோ அது கொள்வதே இல்லை. வரைபடம் வழிகாட்டும், முதலிடம் வாங்கித் தாராது.

தளமுடைய தோழர்களே! இத்திங்களே உங்கள் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். விடுபட்ட பக்கங்களைச் சேருங்கள். இனி எழுதுவனவற்றிற்கேனும் தமிழில் முகவரி இடுங்கள். எழுதியதைத் தேடுவார் கையிற் சேர்ப்பதும் எழுதுவார் கடமையே.